பழைய பேரரசு வரைபடம்: சிவப்பை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

கெடாவில் பாடாங் செராய் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பினாங்கு எல்லை கூப்பிடு தூரம். மலாயாவின் பழைய வரைபடம் எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது அந்த எல்லைக்கோட்டைத்தான்.

பேரரசு வரைபடங்களில் பிரிட்டிஷ் ஆட்சியைக் காட்டுவது சிவப்பு. சிவப்பு பூசிய இடமெல்லாம் ஒரே மாதிரி ஆளப்பட்டது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பிரிட்டிஷ்காரர்கள் இங்கே துண்டு துண்டாகத்தான் பரவினார்கள். 1786-இல் பினாங்குத் தீவு, 1800-இல் எதிர்க்கரையான செபராங் பிறை, 1874-இல் பங்கோர் ஒப்பந்தம் வழியாகப் பேராக். நம் கெடாவோ 1909 வரை சயாமின் (இன்றைய தாய்லாந்து) மேலாதிக்கத்தில் இருந்தது. அதனால் 1900 வாக்கில் வந்த ஒரு வரைபடத்தில் செபராங் பிறை சிவப்பாகவும், அதை ஒட்டியே இருக்கும் கெடா மண் சயாமின் நிறத்திலும் இருந்தால் அதை அச்சுப்பிழை என்று ஒதுக்காதீர்கள். 1909-க்குப் பிறகு இரண்டும் சிவப்பாகிவிடும். ஆனால் பினாங்கு நேரடிக் காலனி; கெடா, பிரிட்டிஷ் ஆலோசகரை ஏற்ற சுல்தானின் மாநிலம். அந்த வித்தியாசத்தை நிறம் சொல்லாது. யார் அச்சிட்டார்களோ அவர்களுடைய உரிமைக் கோரிக்கைதான் அந்த நிறம்.

அப்புறம், காலக் கணிப்பு. அட்லஸின் அட்டையில் உள்ள ஆண்டை அப்படியே நம்பாதீர்கள். பழைய அச்சுத் தகட்டையே வைத்துக்கொண்டு எல்லையை மட்டும் திருத்தி அச்சிடுவது அன்று வழக்கம். உள்ளே பாருங்கள். பேராக் கரையில், பிரிட்டிஷ்காரர்கள் வாங்கிப் பிறகு பேராக்கிடமே திருப்பிக் கொடுத்த டிண்டிங்ஸ் பகுதி தனி நிறத்தில் இருந்தால், அந்த எல்லை 1874-க்கும் 1935-க்கும் இடைப்பட்டது. ஊர்ப்பெயரை மட்டும் வைத்துப் பழசு என்று சொல்ல முடியாது. இன்றைய தெலுக் இந்தானுக்குத் தெலுக் ஆன்சன் என்ற பெயர் 1982 வரை புழக்கத்தில் இருந்தது.

வாங்கும் முன் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நிறம் ஒழுங்கான சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் பிற்கால நகல்.

லாமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு கடையில் கொடுத்து நான் இழந்த வரைபடத்தை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. செலோடேப்பும் வேண்டாம், அதன் பசை மஞ்சள் கறையாக ஊறிவிடும். வெயில் படும் சுவரிலும் மாட்டாதீர்கள்.

பேரரசு முழுவதையும் காட்டும் தாளில் நம் தோட்டத்தின் பெயர் இருக்காது. தாத்தா பால்மரம் வெட்டிய இடத்தைக் குறிக்க ஆசையாக இருந்தால், ஒரு நகல் எடுத்து அதில் குறியுங்கள். மூலத்தாளில் பேனா படவே கூடாது.