நுரையீரல் உறைப் புற்றுநோய்: சிகிச்சையை முடிவு செய்யும் முன் கேட்டறிய வேண்டியவை

மூச்சு வாங்குகிறது, விலாப்பக்கம் வலிக்கிறது என்று வருபவருக்கு நெஞ்சில் நீர் கோத்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தால், மதுரைப் பக்கத்தில் முதலில் எழும் சந்தேகம் காசநோய்தான்; அது நியாயமான சந்தேகமும்கூட. ஆனால் எடுத்த நீர் திரும்பத் திரும்பச் சேர்கிறது, காசநோய் மாத்திரைகளால் முன்னேற்றமும் இல்லை என்றால், நோயாளி இளவயதில் என்ன வேலை பார்த்தார் என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்தது, மில்லில் பாய்லர் குழாய்களுக்கு உறை சுற்றியது, பிரேக் லைனிங் தேய்த்தது எல்லாம் கணக்கில் வரும். அந்தத் தூசியை சுவாசித்து 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே மீசோதீலியோமா என்னும் இப்புற்றுநோய் பெரும்பாலும் தலைகாட்டுகிறது.

நீரை மட்டும் சோதித்து இந்நோயை உறுதி செய்வது கடினம். விலா இடுக்கு வழியாகச் சிறு கேமராவைச் செலுத்தி, நுரையீரல் உறையிலிருந்து சதைத்துணுக்கு எடுக்கும் தோராக்கோஸ்கோப்பிதான் நம்பகமான வழி. அத்துணுக்கை, செல்களிலுள்ள புரதங்களைச் சாயமேற்றிப் பார்க்கும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி சோதனைக்கு உட்படுத்தினால், இது மீசோதீலியோமாவா, நுரையீரல் புற்றுநோய் உறைக்குப் பரவியதா என்பதும், எபிதீலியாய்டு, சார்கோமட்டாய்டு, இரண்டும் கலந்த பைஃபேசிக் ஆகியவற்றுள் எந்த வகை என்பதும் தெரியவரும். சிகிச்சை முழுவதும் இந்த வகையைப் பொறுத்தே அமைவதால், வகை தெரியாமல் எதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கப் போகும்போது அறிக்கையோடு, சதைத்துணுக்கு பதித்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அறிக்கை மட்டும் இருந்தால் மறுசோதனை செய்ய இயலாது.

மருந்துகளில் நெடுநாள் வழக்கத்தில் இருப்பது பெமெட்ரெக்செட்டுடன் சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின் சேர்த்து 21 நாட்களுக்கு ஒருமுறை ஏற்றும் கீமோ. இதில் வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் ஊசிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே ஃபோலிக் அமில மாத்திரையைத் தினமும் தொடங்கி, பி12 ஊசியும் போட்டிருக்க வேண்டும். பி12 ஊசியை 9 வாரங்களுக்கு ஒருமுறை தொடர வேண்டும். சத்து மாத்திரைதானே என்று இவற்றை விட்டுவிட்டால் இரத்த அணுக்கள் குறைவதும் வாய்ப்புண்ணும் கடுமையாகும். விலா வலிக்கென்று மெடிக்கல் ஷாப்பில் இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை நீங்களே வாங்கித் தராதீர்கள். சிறுநீரகத்துக்கு அது கேடு.

நிவோலுமாப், இபிலிமுமாப் ஆகிய நோயெதிர்ப்பு மருந்துகளை இணைத்துத் தருவது மற்றொரு வழி. 2021இல் வெளியான ஆய்வில் இவற்றைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 18.1 மாதம், கீமோ பெற்றவர்களுக்கு 14.1 மாதம். எபிதீலியாய்டு அல்லாத வகைகளில் இந்த வேறுபாடு மிகப் பெரிது, 18.1க்கு எதிராக 8.8 மாதம். விலை மிக அதிகம் என்பதால், நோயாளியின் வகைக்கு இதனால் எவ்வளவு பயன் கிடைக்கும் என்று கேட்டபிறகே கடன் வாங்குவது பற்றி யோசியுங்கள்.

அறுவை சிகிச்சையை அவசரமாக நாட வேண்டாம். 2024இல் வெளியான பிரிட்டனின் மார்ஸ் 2 ஆய்வில், கீமோவுடன் உறையை அகற்றும் அறுவையும் செய்துகொண்டவர்களைவிடக் கீமோ மட்டும் பெற்றவர்களே கூடுதல் காலம் வாழ்ந்தனர். கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வலி தணிக்கவே பயன்படுகிறது.

நீரை அடக்குவதும் சிகிச்சையே. டால்க் பொடியைச் செலுத்தி உறையின் இரு படலங்களையும் ஒட்டவைக்கலாம். நுரையீரல் முழுதாக விரியாதவர்களுக்கு மெல்லிய குழாயை நீண்டகாலத்துக்குப் பொருத்தி வீட்டிலேயே நீரை வடிக்கலாம். மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும் மார்ஃபின் தருவதை, கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள்கொள்ளாதீர்கள். வலி தணிப்புப் பிரிவின் உதவியைத் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறுங்கள்.

மதுரையில் தோப்பூர் நெஞ்சக மருத்துவமனை, பெரியாஸ்பத்திரி (அரசு இராசாசி மருத்துவமனை), பாலரங்காபுரம் புற்றுநோய்ப் பிரிவு என்று அலைய நேரலாம். எல்லாச் சீட்டுகளும் ஸ்கேன் படங்களும் ஒரே பையில் தேதி வரிசைப்படி இருக்கட்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்தெந்த மருந்து அதில் அடங்கும் என்பதைச் சிகிச்சை தொடங்குமுன் காப்பீட்டு உதவி மேசையில் கேளுங்கள். ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமா 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோயாக இடம்பெற்றிருந்தது; அதற்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையிலும் இடம்பெற்றுள்ளது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளோ, ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகளோ, எது பிந்தையதோ அதுவரை நிறுவனங்கள் பாதுகாக்க வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே நோயாளியின் பழைய வேலை விவரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதும்படி முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.