களிமண்ணில் ஹெலிகோபிரியனின் பல்சுருள் செய்வோம்

சுறா வெட்டும்போது கவனித்திருப்பீர்கள், உள்ளே முள் இல்லை, குருத்தெலும்புதான். செத்தால் அது உக்கிப் போகும், பல் மிஞ்சும். சுமார் 27 கோடி வருடங்களுக்கு முன் கடலில் திரிந்த ஹெலிகோபிரியன் மீனும் அப்படித்தான். பெரும்பாலும் பற்களையே விட்டுச் சென்றது, அதுவும் முறுக்குப்போலச் சுருண்டு. 1899இல் ரஷ்ய விஞ்ஞானி கார்பின்ஸ்கி இதற்குப் பெயர் வைத்தார்.

தேவையானவை: இரண்டு கைப்பிடி களி, பலகை, ஈர்க்கு, ஈரத்துணி, பழைய கார்ட்போர்ட். வாவிக்கரை மண் வேண்டாம். மணல் கூடி, உருட்டும்போது பிட்டாக உதிரும். வயல் களியில் வேரும் கல்லும் பொறுக்கிப் பிசைந்தால் போதும்.

படி 1: இரண்டடி நீளத்துக்குக் களியைக் கயிறாக உருட்டுங்கள். ஒரு முனை பென்சில் தடிப்பு, மறு முனை பெருவிரல் தடிப்பு.

படி 2: மெல்லிய முனையை நடுவில் வைத்து, பலகையிலேயே இரண்டரைச் சுற்றுச் சுற்றுங்கள். சுற்றுகளுக்கிடையே இடம் விடுங்கள்: உள்ளே அரை சென்ரிமீற்றர், வெளியே ஒன்று. பல்லுக்கு அந்த இடம் வேண்டும்.

படி 3: இதுதான் முக்கியம். சுறாவின் பழைய பல் விழுந்துவிடும், புதியது முன்னே வரும். ஹெலிகோபிரியனுக்குப் பல் விழவில்லை. பழையவை உள்ளே சுருண்டுகொண்டன. ஆகவே நடுவில் இருப்பது குட்டிப் பருவத்துப் பல். முக்கோணங்களை நடுவில் சின்னதாகத் தொடங்கி, வெளியே போகப் போகப் பெரிதாக்கி, கூர் வெளிப்பக்கம் பார்க்க ஒட்டுங்கள். ஒட்டுமிடத்தில் கொஞ்சம் தண்ணீர் தடவுங்கள். நிஜச் சுருளில் நூற்றுக்கு மேல் பற்கள் இருக்கும், உங்களுக்கு நாற்பது போதும். ஓரங்களில் ஈர்க்கால் அரம்போலக் கீறிவிடுங்கள்.

படி 4: ஈரத்துணியால் மூடி நிழலில் காயவிடுங்கள். என் முதல் சுருளைக் கச்சான் காற்றில் முற்றத்தில் வைத்தேன், பின்னேரம் பார்த்தால் ஏழு துண்டு!

படி 5: கார்ட்போர்டில் இடப்பக்கம் பார்க்கும் மீன்தலை வரைந்து, சுருளைக் கீழ்த்தாடையின் நடுவில் வையுங்கள். வெளிமுனை பின்னால், அதாவது வலப்பக்கம், இருக்க வேண்டும். அங்கிருந்து சுருள் மேலாக முன்னே வந்து கீழே இறங்கும். மூக்கில் ஒட்டினாலும் வெட்கமில்லை, கார்பின்ஸ்கியே முதலில் அப்படித்தான் நினைத்தார். கீழ்த்தாடைதான் என்பதை 2013இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலப் புதைபடிவம் ஒன்றை சிடி ஸ்கேன் செய்து உறுதிப்படுத்தினார்கள்.