53 பேரில் ஒருவராக: புதுமுக ரன்னிங் பேக்குகள் ஆகஸ்டில் செய்யும் தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஓர் அணி ஜூலைக் கடைசியில் முகாமைத் தொடங்கும்போது பட்டியலில் 90 பேர் வரை இருப்பார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் அது 53 ஆகிவிட வேண்டும். முன்பெல்லாம் படிப்படியாகக் குறைத்தார்கள். 2023 முதல் ஒரே நாளில் மொத்த வெட்டு. பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக் இடத்துக்கு முகாமில் ஆறேழு பேர் நிற்பார்கள். தங்குவது மூன்று பேர், மிஞ்சிப்போனால் நான்கு பேர். அதிலும் முதல் இரண்டு இடங்கள் பெரும்பாலும் முகாமுக்கு முன்பே முடிவாகியிருக்கும். அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டின் கடைசிச் சுற்றுகளில் வந்தவரும், டிராஃப்டில் யாரும் எடுக்காமல் தனியே ஒப்பந்தமானவரும் மோதுவது அந்த மூன்றாவது, நான்காவது இடத்துக்குத்தான்.

இந்தக் கணக்கைச் சரியாகப் போடாததுதான் முதல் தவறு. மற்றவற்றில் பல இதிலிருந்துதான் கிளைக்கின்றன. கல்லூரியில் ஆட்டத்துக்கு இருபது முறை பந்தை வாங்கி ஓடியவர், இங்கேயும் யார்டு சேர்த்தால் இடம் கிடைத்துவிடும் என்று நம்பி வருகிறார். ஆனால் வழக்கமான சீசன் ஆட்டத்தில் 53 பேரும் இறங்க முடியாது, 48 பேர் வரைதான். மூன்றாவது ரன்னிங் பேக்குக்கு அன்று பந்து இரண்டு மூன்று முறை வந்தாலே அதிகம். பந்து வராத நேரத்தில் இவர் எதற்குப் பயன்படுவார் என்பதுதான் தேர்வு அறையில் எழும் கேள்வி. ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்-ஆஃபிலும், பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் பண்ட்டிலும் (இந்த உதை வேலைகளுக்கான குழுக்களே ஸ்பெஷல் டீம்ஸ்) வேலை செய்வாரா, பந்தை எறியும் குவாட்டர்பேக்கைக் காப்பாரா, பந்தைக் கீழே போடாமல் இருப்பாரா என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும்.

ஸ்பெஷல் டீம்ஸைத் தண்டனையாக நினைப்பது

டென்வர் பிராங்கோஸ் 1995 டிராஃப்டில் ஆறாவது சுற்றில், 196-ஆவது தேர்வாக எடுத்தவர் டெரல் டேவிஸ். அந்த ஆகஸ்டில் டோக்கியோவில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபோர்ட்டி நைனர்ஸோடு நடந்த பிரீசீசன் (சீசனுக்கு முந்தைய பயிற்சி) ஆட்டத்தில், கிக்-ஆஃபை எடுத்து ஓடிவந்தவரை அவர் மோதிச் சாய்த்த விதம்தான் பயிற்சியாளர்களை அவர் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. 1998-இல் அதே டேவிஸ் ஒரே சீசனில் 2,008 யார்டு ஓடினார். ரஹீம் மோஸ்டர்ட்டின் பாதை இன்னும் நீளமானது. 2015-இல் டிராஃப்டில் எடுக்கப்படாத அவரைப் பல அணிகள் அடுத்தடுத்து வெளியே அனுப்பின. லீக்கில் அவரை நிற்க வைத்தது ஸ்பெஷல் டீம்ஸ் வேலை. 2020 ஜனவரியில் கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிரான என்.எஃப்.சி. (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதி ஆட்டத்தில் 220 யார்டும், பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோகும் டச் டவுன் நான்கும் எடுத்தார்.

எனவே ஸ்பெஷல் டீம்ஸ் கூட்டத்தில் பின்வரிசையில் சாய்ந்து உட்காருவது ஆபத்து. 2024-இல் கிக்-ஆஃப் விதியே மாறிவிட்டதால், கல்லூரியில் கற்றதை அப்படியே கொண்டுவரவும் முடியாது. உதைப்பவர் தன் பக்கத்து 35-ஆவது யார்டில் நிற்க, அவருடைய அணியின் மற்ற பத்துப் பேரும் எதிரணியின் 40-ஆவது யார்டில் நிற்கிறார்கள். வாங்கும் அணியின் தடுப்பாளர்கள் தங்கள் பக்கத்து 35-க்கும் 30-க்கும் நடுவே. பந்து தரையையோ பின்னால் நிற்பவரையோ தொடும்வரை இந்த இரண்டு வரிசையும் அசையக் கூடாது. கால் துடித்து முன்கூட்டி நகர்வதுதான் புதியவர்கள் வாங்கும் மலிவான பெனால்ட்டி.

பந்தை எடுத்து ஓடும் வேலை கிடைத்தால், பந்து எங்கே விழுந்தால் என்ன என்பது யோசிக்காமலே வர வேண்டும். கோல் லைனுக்கும் (யார்டு எண்ணிக்கை தொடங்கும் கோடு) 20-ஆவது யார்டுக்கும் இடையில் விழுந்தால் எடுத்து ஓடியே ஆக வேண்டும். அங்கே விழுந்து, கோல் லைனுக்குப் பின்னாலுள்ள எண்ட் ஸோனுக்குள் உருண்டுபோனதை அங்கேயே மண்டியிட்டு முடித்தால் கிடைப்பது 20-ஆவது யார்டு. நேரே எண்ட் ஸோனுக்குள் வந்து விழுந்ததை விட்டுவிட்டால் 2025 விதிப்படி 35-ஆவது யார்டு. ஒரு நொடித் தயக்கத்தில் பதினைந்து யார்டு கை நழுவுகிறது.

பண்ட்டில் வேறொரு கோளாறு. வரிசையின் இரு ஓரங்களில் நிற்பவர்கள் மட்டுமே ஸ்னாப் ஆனதும் (பந்து பின்னால் அனுப்பப்பட்டு ஆட்டம் தொடங்கியதும்) கீழே ஓடலாம். மற்றவர்கள் பந்து உதைக்கப்படும்வரை அங்கேயே நின்று தடுக்க வேண்டும். பந்தோடு ஓடுபவரைப் பிடித்துச் சாய்க்கும் (டேக்கிள்) ஆசையில் உள்ளே நிற்பவர் அரை நொடி முன்னே கிளம்பினால் ஒன்று நடுவரின் பெனால்ட்டிக் கொடி விழும், இல்லையென்றால் பண்ட் தடுக்கப்படும். பிந்தையது நடந்தால் அந்த ஒரு காட்சி அவர் செய்த பத்து நல்ல வேலைகளை விழுங்கிவிடும்.

குவாட்டர்பேக்கைக் காக்கத் தெரியாமல் வருவது

இடம் பறிபோக முதன்மையான காரணம் இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஓடுவது பலருக்கும் இயல்பாக வரும். குவாட்டர்பேக்கை நோக்கிக் கூடுதல் ஆட்கள் பாயும் பிளிட்ஸைப் படித்து நிறுத்துவதைப் படித்துத்தான் கற்க வேண்டும், பல கல்லூரித் திட்டங்களில் அதற்கு வேலையே குறைவு.

பொதுவான ஆறு பேர் பாதுகாப்பு இப்படி நடக்கும். லைனின் நடுவில் நிற்கும் சென்டரோ குவாட்டர்பேக்கோ, எதிரணியின் இரண்டாம் வரிசையில் நிற்கும் ஒரு லைன்பேக்கரை 'மைக்' என்று சுட்டிக் காட்டுவார். முன்வரிசைத் தடுப்பாளர்களான ஐந்து லைன்மேன்களும் எதிரணியில் முன்னால் நிற்கும் நால்வரையும் அந்த மைக்கையும் எடுத்துக்கொள்வார்கள். மிச்சமிருந்து பாயக்கூடியவர் ரன்னிங் பேக்கின் பொறுப்பு. சில அழைப்புகளில் இரண்டு பேர் மேல் கண் வைக்க வேண்டியிருக்கும், அப்போது பார்வை உள்ளிருந்து வெளியே போக வேண்டும். நடுவிலிருந்து வருபவனுக்குக் குவாட்டர்பேக்கிடம் போகும் வழி குறுகியது. ஓரத்திலிருந்து வருபவன் சுற்றி வருவதற்குள் குவாட்டர்பேக் முன்னால் ஓர் அடி வைத்து எறிந்துவிடலாம். புதியவர் செய்வது தலைகீழ். ஓரத்தில் சேஃப்டி (எதிரணியின் பின்வரிசைத் தடுப்பாளர்) ஒருவர் பாய்வதுபோல் பாவனை காட்டியதும் கண் அங்கே ஓடிவிடும். நடு இடைவெளியில் லைன்பேக்கர் தொடாமலே நுழைவார்.

அடுத்தது நிற்கும் இடம். 95 கிலோ ரன்னிங் பேக் ஐந்து யார்டு பின்னால் காத்திருந்தால், 109 கிலோ லைன்பேக்கர் அந்த ஐந்து யார்டிலும் வேகம் கூட்டிக்கொண்டு வந்து இவரையும் சேர்த்துக் குவாட்டர்பேக் மடியில் தள்ளுவார். ஆளைக் கண்டதும் முன்னேறிப் போய், லைனுக்கு ஒன்றிரண்டு யார்டு பின்னாலேயே அவரைச் சந்திக்க வேண்டும். கால்கள் தோள் அகலம், முழங்கால் மடிப்பு, எதிராளியின் இடுப்பைவிடத் தன் இடுப்பு தாழ்வாக. இரு கைகளும் உள்பக்கமாக அவர் மார்பில் பதிய வேண்டும், கண் நிமிர்ந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்து உடலை வீசி எறிவதுதான் அதிகம் காணும் பிழை. எதிராளி ஓர் அடி விலகினால் போதும், தடுப்பு முடிந்தது. குனிந்த தலையால் மோதினால் கழுத்துக்கும் ஆபத்து, 2018 விதிப்படி 15 யார்டு பெனால்ட்டியும் உண்டு. கால்களைக் குறிவைத்து விழுந்து தடுப்பதையே எப்போதும் நம்பியிருப்பவரின் வீடியோ அடுத்த அணிக்குப் போனதும், லைன்பேக்கர்கள் தாண்டிக் குதிக்கத் தயாராக வருவார்கள்.

யாரும் பாயாவிட்டால்? அங்கேயே நிற்பதும் தவறுதான். உள்ளே பார்த்தாயிற்று, வெளியே பார்த்தாயிற்று, ஆள் வரவில்லை என்றால் உடனே கிளம்பி நான்கைந்து யார்டில் திரும்பி நின்று, குவாட்டர்பேக் பந்தை எறியக் கடைசி வழியாக இருக்க வேண்டும். 2022-இல் டிராஃப்டில் எடுக்கப்படாமல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு வந்த ஜேலன் வாரன் இந்தத் தடுப்பு வேலையில் பெயர் வாங்கியவர். புதியவர்கள் அவருடைய காட்சிகளைப் பந்து இல்லாத நேரத்துக்காகப் பார்க்கலாம்.

அணியின் ஆட்டத் திட்டப் புத்தகத்தில் தன் பாதையை மட்டும் மனப்பாடம் செய்பவருக்கு இங்கேதான் இடிக்கும். லைனில் குவாட்டர்பேக் அழைப்பை மாற்றினால் தன் பொறுப்பு யார் என்று அவருக்குத் தெரியாது. ஐந்து லைன்மேன்களும் எந்தப் பக்கம் சரிகிறார்கள் என்பதைச் சேர்த்துப் படித்தவருக்கு, விட்டுப்போன ஆள் யார் என்பது தானாகத் தெரியும்.

பந்து

ஆகஸ்டில் ஒரு ஃபம்பிள் (பந்து கைநழுவுவது) நினைவில் நிற்கும், இரண்டாவது பெட்டியைக் கட்ட வைக்கும். பந்து உடலைத் தொட வேண்டிய இடங்கள் ஐந்து: முனையை மூடிய விரல்கள், உள்ளங்கை, முன்கை, மேல்கையின் தசை, விலா. கூட்டத்தில் நுழையும்போது இரண்டாவது கையும் மேலே. ஓரத்தில் ஓடும்போது பந்து எல்லைக் கோட்டுப் பக்கக் கையில்.

பிடிபட்ட பிறகும் நிமிர்ந்து நின்று இன்னொரு யார்டுக்குப் போராடும்போதுதான் பந்து பெரும்பாலும் பறிபோகும். முதல் ஆள் பிடித்து நிறுத்துவார், இரண்டாவது ஆள் பந்தைக் குத்தவே வருவார். சிகாகோ பேர்ஸின் சார்ல்ஸ் டில்மன் அப்படிக் குத்தியே 2012-இல் மட்டும் பத்து ஃபம்பிள்களை உண்டாக்கினார். இன்று எல்லா அணிகளும் அதைக் கற்றுத்தருகின்றன. சுழன்று தப்புவதும் அதே அளவு ஆபத்து, பாதிச் சுழற்சியில் பந்து உடலைவிட்டு விலகிவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று, பந்து கை மாறும் நொடி. புதியவர் ஆடுவது மூன்றாவது குவாட்டர்பேக்கோடு. இருவருக்கும் பழக்கம் குறைவு. குவாட்டர்பேக் பக்கத்து முழங்கை மேலே, மற்றது கீழே, பந்து வந்து பதியட்டும். கை நீட்டிப் பிடுங்கினாலோ, கண் இடைவெளியைவிட்டுப் பந்துக்கு இறங்கினாலோ அது தரையில் கிடக்கும். பயிற்சி முடிந்ததும் அந்தக் குவாட்டர்பேக்கோடு தினம் பத்து நிமிடம் இதை மட்டும் செய்தாலே பெரும்பகுதி சரியாகும்.

எல்லாவற்றையும் ஓரத்துக்குக் கொண்டு ஓடுவது

மூன்றாம் வரிசை லைன்மேன்கள் பின்னால் ஓடும்போது இடைவெளி சிறியதாகவே திறக்கும். அதை நம்பாமல் வெளியே வளைந்து ஓடுவது கல்லூரிப் பழக்கம். அங்கே அவர் எல்லோரையும்விட வேகம். இங்கே லைன்பேக்கரும் அதே வேகம். பத்து யார்டு சேர்க்க நான்கு முயற்சி (டவுன்) உண்டு. முதலாவதில் உள்ளே நுழைந்து நான்கு யார்டு எடுத்தால் அடுத்தது இரண்டாவது டவுன், இன்னும் ஆறு யார்டு. வெளியே போய் மூன்று இழந்தால் பதின்மூன்று யார்டு, அஃபென்ஸின் (தாக்கும் அணியின்) பாதித் திட்டம் அத்தோடு பயனற்றுப் போகும்.

லைன் முழுதும் ஒரே பக்கம் நகர்ந்து தடுக்கும் வெளி ஸோன் ஓட்டத்தில் கண் முதலில் ஓரத் தடுப்புக்குப் போக வேண்டும், பிறகு அதற்கு உள்ளே இருப்பதற்கு. லைனை நெருங்கும்வரை குறித்த பாதையில் போனால்தான் லைன்பேக்கர்கள் கூடவே இழுபடுவார்கள். அப்புறம் ஒரே வெட்டு, முழு வேகம். சீக்கிரம் வெட்டினால் லைன்பேக்கர் நின்ற இடத்திலேயே காத்திருப்பார். தவறான இடைவெளியில் நுழைந்து நாற்பது யார்டு ஓடினாலும் பயிற்சியாளரின் தாளில் அது தவறாகவே குறிக்கப்படலாம். நான்காவது குவாட்டரில் எதிரே நிற்பவர்களில் பலர் அடுத்த வாரம் எந்த அணியிலும் இருக்கமாட்டார்கள் என்பது பயிற்சியாளருக்குத் தெரியும்.

காயமும் காகிதமும்

வலியை மறைத்து ஆடுவது வீரம் என்று பலர் நினைக்கிறார்கள். தொடைப் பின்தசை இழுத்திருக்க ஓடினால் இரண்டு நாள் ஓய்வில் தீர வேண்டியது பல வாரமாகும். பணமும் பாதிக்கும். என்.எஃப்.எல். வீரர் ஒப்பந்தத்தின் 9-ஆவது பத்தி தரும் காயப் பாதுகாப்புக்கு, அணியின் மருத்துவரிடமோ டிரெய்னரிடமோ உடனே சொல்லியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சொல்லாமல் இருந்துவிட்டு, வெளியே அனுப்பிய பிறகு கோருவது கடினம். ஆகஸ்ட் வெயிலில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பதையும் விடக் கூடாது. ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் திரும்பப் போக வேண்டும், உப்பும் சேர்த்து.

வெட்டு நாளுக்குப் பிறகு

பெயர் 53-இல் இல்லை என்றால் கதை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. நான்கு சீசன் முடிக்காதவர் முதலில் வேவர்ஸுக்குப் போகிறார். மற்ற 31 அணிகளில் எதுவும் அவரைக் கேட்கலாம். பிரீசீசன் வீடியோவை அவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். யாரும் கேட்காவிட்டால் பழைய அணியே பயிற்சிக்கென வைத்திருக்கும் 16 பேர் கொண்ட பிராக்டிஸ் ஸ்குவாடில் சேர்க்கலாம், ஒரு சீசனில் மூன்று முறை வரை ஆட்ட நாளுக்கு மேலே ஏற்றலாம். அதைக் கௌரவக் குறைவாக எண்ணி மறுத்தவர்கள் உண்டு. 2009-இல் டிராஃப்டில் எடுக்கப்படாத ஏரியன் ஃபாஸ்டர் ஹூஸ்டன் டெக்ஸன்ஸின் பிராக்டிஸ் ஸ்குவாடில் இருந்தவர். அடுத்த ஆண்டே 1,616 யார்டு ஓடி லீக்கில் முதலிடம் பிடித்தார்.

எந்த அழைப்பும் வராதவர் உடலை முகாம் எடையிலேயே வைத்திருக்க வேண்டும். சீசன் நடக்கும்போது அணிகள் வெளியாட்களைச் சோதிப்பது பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில். ஞாயிறு ஆட்டத்தில் ஒருவர் காயப்பட்டால் திங்கள் இரவு அழைப்பு வரும், மறுநாள் காலை ஓடிக் காட்ட வேண்டும்.