இலக்கண விளக்கம் வீட்டில், பயிற்சி வகுப்பில்: ஃப்ளிப்டு கிளாஸ்ரூம் தொடங்குவது எப்படி?

ஆங்கில இலக்கண வகுப்பு எப்படிப் போகும் என்று தெரியும்தானே? பாதி நேரம் போர்டில் விதி, கொஞ்சம் பயிற்சி, மீதி வீட்டுப்பாடம். ஆனால் மாணவர் திணறுவது சொந்தமாக வாக்கியம் அமைக்கும்போதுதான். அப்போது பக்கத்தில் ஆசிரியர் இல்லை.

இதைத் தலைகீழாக்குவதுதான் ஃப்ளிப்டு கிளாஸ்ரூம். விளக்கத்தை வீட்டில் வீடியோவாகப் பார்த்துவிட்டு வருவார்கள். வகுப்பில் பயிற்சி நடக்கும். 2007-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்பைத் தவறவிட்ட மாணவர்களுக்காகப் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். இந்த முறை பரவலானதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. என்னைக் கேட்டால், வேதியியலைவிட மொழி வகுப்புக்குத்தான் இது இன்னும் பொருந்தும்.

1. ஒரே ஒரு புள்ளி

‘டென்ஸ்’ என்று மொத்தமாக எடுக்காதீர்கள். சிம்பிள் பாஸ்டுக்கும் பிரசென்ட் பர்ஃபெக்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் போதும். தமிழில் ‘அவர் நேற்று வந்திருக்கிறார்’ என்று தாராளமாகச் சொல்கிறோம். அதே வேகத்தில் ‘ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே’ என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘யெஸ்டர்டே’ என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹி கேம்’தான்.

2. வீடியோவுக்கு முன் வகுப்பைத் திட்டமிடுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். வீடியோவுக்கு ஒரு வாரம் செலவழித்துவிட்டு, வகுப்பில் என்ன செய்வது என்று முழிப்பார்கள்.

நான் செய்வது இது. இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் ‘ஹேவ் யூ எவர்’ என்று தொடங்கிக் கேட்க வேண்டும். ‘ஹேவ் யூ எவர் லாஸ்ட் யுவர் கீஸ்?’ ‘யெஸ், ஐ ஹேவ்.’ உடனே அடுத்த கேள்வி: ‘வென் டிட் யூ லூஸ் தெம்?’ பலர் ‘வென் ஹேவ் யூ லாஸ்ட்’ என்று பழைய தடத்திலேயே போவார்கள். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டிய நேரம் இதுதான். குறுக்கே பாய வேண்டாம். ‘எப்போது என்று கேட்கிறீர்கள், அப்புறம் ஹேவ் எதற்கு?’ என்று கேட்டால் பெரும்பாலும் அவர்களே திருத்திக்கொள்வார்கள். கடைசியில், பக்கத்தில் இருப்பவரைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்.

3. இப்போது வீடியோ

என் முதல் வீடியோ 18 நிமிடம். கடைசிவரை பார்த்தது அநேகமாக நான் மட்டும்தான். 5, 6 நிமிடம் போதும். தாளில் ஒரு காலக்கோடு வரைந்து, போனை மேலிருந்து பிடித்து எடுத்தாலே சரி. முதலில் நாலு எடுத்துக்காட்டு, பிறகு ‘நிறுத்திவிட்டு யோசியுங்கள்’, அதற்கப்புறம் விதி. தொடக்கநிலை மாணவர்கள் என்றால் விளக்கத்தைத் தாய்மொழியிலேயே சொல்லலாம். யாரோ எடுத்த வீடியோவைக் கொடுப்பதும் தவறில்லை, முழுசாகப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

4. நோட்டில் மூன்று வரி

வீடியோவைப் பார்த்ததும் மாணவர் எழுத வேண்டியது: சொந்த வாக்கியம் இரண்டு, சந்தேகம் ஒன்று. வினாடி வினாவுக்கு கூகுள் ஃபார்ம்ஸ் இருக்கிறது, வீடியோவுக்கு நடுவே கேள்வி வைக்க எட்பசில் (Edpuzzle) என்ற இணையதளம் இருக்கிறது. ஆனால் யார் பார்த்தார்கள் என்பதை அந்தச் சந்தேக வரியே காட்டிக்கொடுத்துவிடும்.

5. வகுப்பின் முதல் ஐந்து நிமிடம்

வந்த சந்தேகங்களில் இரண்டை மட்டும் போர்டில் எழுதிப் பேசுங்கள். பாடத்தை முழுசாக மறுபடி நடத்திவிடாதீர்கள். நடத்தினால் அடுத்த முறை யாரும் வீடியோவைத் திறக்க மாட்டார்கள். பார்க்காமல் வந்தவர்கள் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேர்ந்துகொள்ளட்டும். வீட்டில் இணைய வசதி இல்லாதவர்களுக்கு முந்தைய வகுப்பிலேயே வீடியோவைப் போனில் ஏற்றிக் கொடுங்கள், அல்லது ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்.

மாணவர்கள் பேசும்போது கையில் ஒரு துண்டுத் தாளோடு சுற்றிவாருங்கள். திரும்பத் திரும்பக் காதில் விழும் தவறைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வீடியோவை அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்கலாம்.