லீவாயைத் தேடி 'பிஃபோர் தி ஃபால்' படிக்காதீர்கள்

மனிதரைத் தின்னும் 'டைட்டன்' ராட்சதர்களோடு மனிதர்கள் போராடும் ஜப்பானிய அனிமேஷன் தொடரான 'அட்டாக் ஆன் டைட்டன்' அனிமே 2023 நவம்பரில் முடிந்ததும், அந்த உலகத்தை விட மனமில்லாத பலர் அதன் முன்கதையான 'பிஃபோர் தி ஃபால்' பக்கம் வந்தார்கள். வந்த வேகத்தில் திரும்பியவர்களும் உண்டு. கதை மோசமில்லை. அவர்கள் தேடி வந்த வீரன் லீவாய்தான் அங்கே இல்லை.

மூலக்கதைக்குச் சுமார் எழுபது ஆண்டுகளுக்கு முன்பு நடப்பது இது. அதன் நாயகர்கள் எரென், மிகாசா, லீவாய் யாரும் பிறந்திருக்கவே முடியாது. என் நண்பன் ஒருவன் "லீவாய் எப்போடா வருவான்?" என்று கேட்டுக்கொண்டே ஆறு தொகுதிகள் ஓட்டினான். அவனுக்கு வேண்டியது லீவாயின் பழைய கதையான 'நோ ரிக்ரெட்ஸ்'. நிலத்தடி நகரம், லீவாயின் நண்பர்கள் ஃபர்லான், இசபெல் எல்லாம் வருவது அதில்தான். மங்காவாக (ஜப்பானிய காமிக்ஸ்) இரண்டே தொகுதி, அனிமேயாக இரண்டு பகுதி. 'பிஃபோர் தி ஃபால்' அனிமேயாக வரவே இல்லை. வீணாக எபிசோட் தேட வேண்டாம்.

அடுத்த தவறு நானே செய்தது. 'பிஃபோர் தி ஃபால்' மங்காவின் முதல் தொகுதியை முடித்துவிட்டு, அதே கதைதானே என்று நாவலின் முதல் பாகத்தை எடுத்தேன். ஐம்பது பக்கம் தாண்டியும் மங்காவின் நாயகன் குக்லோவைக் காணோம். விஷயம் இதுதான்: முதலில் வந்தவை ரியோ சுசுகாசே எழுதிய மூன்று லைட் நாவல்கள். முதல் பாகம் 2011இல் வந்தது. அதன் நாயகன் ஏஞ்சல் என்ற கருவி செய்யும் இளைஞன். அடுத்த இரண்டு பாகங்கள்தான் குக்லோவின் கதை. சடோஷி ஷிகி வரைந்த மங்கா (2013 முதல் 2019 வரை, 17 தொகுதிகள்) நேரே குக்லோவில் தொடங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, ஆங்கில நாவலில் அவன் பெயர் 'கிக்லோ' என்று இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான்.

இந்தக் குக்லோ எப்போது டைட்டனாக மாறுவான் என்று காத்திருப்பதும் வழக்கமான தவறு. எதிர்பார்ப்பில் நியாயம் இருக்கிறது. டைட்டன் விழுங்கிய ஒரு கர்ப்பிணி, அது கக்கிய சடலக் குவியல், அதற்குள் உயிரோடு ஒரு குழந்தை. மூலக்கதையில் டைட்டனாக மாறும் எரெனைப் பார்த்துப் பழகிய நமக்கு உடனே கணக்குப் போடத் தோன்றும். ஊராரும் அதே கணக்கைத்தான் போடுகிறார்கள்: 'டைட்டனின் பிள்ளை' என்று பெயர் வைத்து, காசு வாங்கிக்கொண்டு காட்சிப்பொருளாகக் காட்டுகிறார்கள். பிறகு ஒரு பணக்கார வியாபாரி விலைக்கு வாங்கித் தன் வீட்டில் சங்கிலியால் கட்டிப்போடுகிறான். அந்த வீட்டுப் பெண் ஷார்ல், பயத்தில் அவனைக் கொன்றுவிடவே கத்தியோடு போகிறாள். போய்ப் பார்த்தால் பேச்சுகூடத் தெரியாத ஒரு பையன். அப்புறம் அவனுக்குப் பேசக் கற்றுத் தருவதே அவள்தான். அவன் மனிதன், அவ்வளவுதான். மாறப்போகிறான் என்றே படித்தால் இந்தப் பகுதி முழுக்க வெறும் காத்திருப்பாகிப் போகும்.

அட்டையில் ஹஜிமே இசயாமா பெயரைப் பார்த்துவிட்டு, மூலக்கதையில் எரென் வீட்டு நிலவறையில் இருக்கும் ரகசியத்துக்கு இங்கே துப்பு தேடுபவர்களும் இருக்கிறார்கள். மூலப் படைப்பாளர் என்ற முறையில் போட்ட பெயர் அது. எழுதியதும் வரைந்ததும் வேறு ஆட்கள். அந்த ரகசியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எனக்கு வருத்தம் தருவது, கருவி செய்யும் பட்டறைக் காட்சிகளைப் பலர் தாவிப் போவதுதான். மூலக்கதையில் வீரர்கள் கம்பியை வீசிப் பறக்கும்போது, அந்தக் கருவி எப்படி வந்தது என்று நாம் யோசிப்பதில்லை. இங்கே அதற்குப் பெயர்கூடச் சரியாக அமையவில்லை, வெறும் 'கருவி'. கருவியை இயக்கும் வாயுவுக்கு 'ஐஸ் பர்ஸ்ட்' கல், பிளேடுக்கு இரும்பு மூங்கில் என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கிறார்கள். டைட்டனைக் கொல்ல முடியும் என்பதையே யாரும் நம்பாத காலம் அது. பிடரியை வெட்டினால் போதும் என்று நமக்குத் தெரியும், ஏஞ்சலுக்குத் தெரியாது.