மிச்சச் சோற்றைக் கவரில் முடிச்சுப் போட்டு வீசாதீர்கள்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் எல்லாவற்றுக்கும் தடை. ஆனாலும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பார்சல் வாங்கினால், கொதிக்கிற சாம்பார் இன்னும் பல கடைகளில் கவரில்தான் வருகிறது.

இருப்பதிலேயே மோசமான தவறு, மிச்சச் சோற்றை அதே கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு வீசுவது. சுத்தமாகத்தானே போட்டோம் என்று நமக்குத் தோன்றும், ஆனால் மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, உள்ளே சோற்று வாசனை வருகிறது, அப்படியே கவரோடு விழுங்கிவிடும். அது செரிக்கவும் செரிக்காது, மாட்டு வயிற்றின் நாலு அறைகளில் முதல் அறையை விட்டு வெளியேயும் வராது, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து உருண்டையாகி, வயிறு உப்பிய மாடு தீனி எடுக்காமல் மெலிந்துபோகும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் ரோடு காட்டுக்குள் போகிறது, அங்கே வீசினால் தின்பது குரங்கும் மானும், சில நேரம் யானையும். சோற்றைத் தனியாகக் குப்பைக்குழியில் கொட்டுங்கள், கவரைக் கழுவித் தனியாகப் போடுங்கள். வேலை அவ்வளவுதான்.

சரி, கவர் வேண்டாம், பேப்பர் கப்பில் டீ குடிக்கிறேன் என்கிறீர்களா? அதன் உள்பக்கமும் பிளாஸ்டிக் பூச்சுதான். 100 மில்லி சூடான திரவம் 15 நிமிடம் இருந்தாலே சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் கலக்கின்றன என்று ஐஐடி கரக்பூர் ஆய்வு சொன்னது. கண்ணாடி கிளாஸில் கேளுங்கள், சாம்பாருக்குத் தூக்குவாளி கொண்டுபோங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார்.

சாயங்காலம் குப்பையோடு பிளாஸ்டிக்கையும் கொளுத்துவது அடுத்தது. பிவிசி என்ற பிளாஸ்டிக் வகை எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும், அந்தப் புகை முதலில் போவது நம் வீட்டுக்குள்தான்.

அப்புறம் தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்கணும். மானாவாரியில் விளையும் ராகியையும் சாமையையும் நாம் வாங்காமல் விட்டால் விவசாயி எதற்கு விதைப்பார், அந்த நாட்டு ரகங்கள் அப்படியே போய்விடும். ராகிக் களி வாரத்தில் நாலு நாள் இருந்தால் கால்சியத்துக்கும் நல்லது.

மீனிலும் கவனம் வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்க நாட்டிலேயே தடை இருக்கிறது. குட்டையில் தண்ணீர் வழிந்து ஆற்றுக்குத் தப்பினால் நம் நாட்டு மீன்களையும் குஞ்சுகளையும் தின்றுதீர்க்கும். தொட்டியில் உயிரோடு நெளிகிற மலிவான கெளுத்தியைப் பார்த்தால் எங்கே வளர்த்தது என்று கேளுங்கள், பதிலை இழுத்தால் வேறு மீன் வாங்குங்கள்.