அறச்சலூர் ஆண்டிப்பாறை: இசைக் கல்வெட்டைப் பார்க்காமல் திரும்பாதிருக்க

நான் மூன்று தடவை போனேன். முதல் இரண்டு தடவையும் பாறையைப் பார்த்தேன், துறவிகளின் கல் படுக்கையைப் பார்த்தேன், பாறையில் வெட்டிய பழங்காலத் தாளச்சொல் எழுத்தை மட்டும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து போட்டோவைப் பெரிதாக்கினால் வெறும் கறைதான் தெரிந்தது. புதிதாகப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. போவது

ஈரோட்டிலிருந்து காங்கயம் பேருந்தில் ஏறினால் அவல்பூந்துறை தாண்டி அறச்சலூர். இறங்கியதும் ஊரை ஒட்டி நிற்பது நாகமலை. வெயிலுக்கு முன்னால் மலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2. வழி கேட்பது

"சமணர் குகை எங்கேங்க?" என்று கேட்டு அரை மணி நேரம் வீணாக்கினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டதற்கு, "குகையெல்லாம் இங்க இல்லீங்க சாமி" என்று சொல்லிவிட்டார். கல்வெட்டு என்றாலும் தெரியவில்லை. மறுபடி அதே அம்மாவிடம் "ஆண்டிப்பாறை" என்றதும், "அதைச் சொல்லக் கூடாதுங்களா!" என்று கையிலிருந்த குச்சியை நீட்டித் திசை காட்டினார். ஊர் வாயில் இருக்கும் பெயர் அதுதான். புத்தர் குகை என்று சொல்லிக் கேட்கிறவர்களும் உண்டு. ஆய்வாளர்கள் இதைச் சமணத் துறவிகள் தங்கிய இடம் என்றே சொல்கிறார்கள்.

3. ஏறுவது

பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் முள். ரப்பர் செருப்பில் போனால் உடைமுள் அடிவரை ஏறிவிடும், கேன்வாஸ் ஷூ போடுங்கள். கையில் ஒரு தடி. தண்ணீர் இரண்டு பாட்டில்.

குகை என்றதும் இருட்டுப் பொந்தை எதிர்பார்க்காதீர்கள். மேலே ஒரு பாறை கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும், அதன் அடியில் ஒதுங்க இடம், தரையில் வழவழவென்று செதுக்கிய படுக்கைகள். தலைமாட்டில் தலையணைபோலக் கொஞ்சம் உயர்த்தி விட்டிருக்கிறார்கள். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், நல்ல வெயில் நாளிலும் சில்லென்று இருக்கும்.

4. எழுத்தைப் பார்ப்பது (நான் மாட்டிக்கொண்ட இடம்)

வெட்டு ஆழமில்லை. நேராக வெளிச்சம் விழுந்தால் பள்ளமும் மேடும் ஒரே நிறமாகிவிடும். செல்போன் டார்ச்சை முகத்துக்கு நேரே பிடித்தேன், இரண்டு தடவையும் அதே தப்பு. மூன்றாம் தடவை மச்சான் வந்தான். பேனா அளவு டார்ச் ஒன்றைப் பாறையோடு பாறையாக, கிட்டத்தட்ட ஒட்டினாற்போல, பக்கவாட்டில் பிடித்தான். ஒவ்வொரு கீறலும் நிழல் போட்டு எழுந்து வந்தது. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

என்னைக் கேட்டால் செல்போன் டார்ச்சைவிட அந்தச் சின்ன டார்ச்சே மேல். போட்டோ எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். எழுத்து தெரியவேண்டும் என்று சாக்பீஸ் பூசுவதும் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதும் கூடவே கூடாது. வேறு ஒரு மலையில் யாரோ வெள்ளை அடித்துவைத்த எழுத்தைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன்.

5. படிப்பது

பயப்படாதீர்கள், ஒரே ஓர் எழுத்து தெரிந்தால் போதும். பிராமியில் (தமிழை முதலில் எழுதிய பழைய எழுத்துமுறை) 'த' என்பது தலைகீழாக நிற்கும் ஆங்கில Y வடிவம். மேலே வலப்பக்கம் ஒரு கோடு இழுத்தால் தா, இடப்பக்கம் ஒன்று என்றால் தே, இரண்டு என்றால் தை. இங்கே எழுத்து கொஞ்சம் வளைந்திருக்கும், அது வட்டெழுத்தை (பிராமிக்குப் பின் வந்த வளைவான தமிழ் எழுத்து) நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலம். இதைத் தாளில் எழுதி எடுத்துப்போங்கள்:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், எப்படிப் படித்தாலும் ஒன்றே. ஆடலுக்கான தாளச்சொல் என்கிறார்கள். பக்கத்திலேயே இதை அமைத்தவர் பெயரும் இருக்கிறது: "எழுத்தும் புணருத்தான் மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன்". வண்ணக்கன் என்றால் பொன், காசு, மணி ஆகியவற்றின் தரம் பார்ப்பவர். சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரைக் கொடுமணலில் மணிக்கற்களை அறுத்து மெருகேற்றிய பட்டறைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன, காங்கயத்துக்கு அருகே படியூர்ப் பக்கம் பச்சைக்கல் கிடைத்தது. கல்லின் தரம் பார்த்த ஓர் ஆள் தாளத்தையும் கல்லில் கோர்த்துவைத்திருக்கிறார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். இந்தக் கல்வெட்டை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் கல்வெட்டு ஆய்வாளர் புலவர் செ. இராசு.

பிறகு சேர்த்தது: "தேனீ துரத்தியது" என்று ஒருவர் எழுதியிருந்தார். பாறை இடுக்கை முதலில் தூரத்திலிருந்தே அண்ணாந்து பாருங்கள், கூடு இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். சென்ட் அடித்துக்கொண்டு போகவேண்டாம். இன்னொருவர், ஐந்தாம் வரிசை தெரியவில்லை என்றார். டார்ச்சை இடப்பக்கமிருந்து பிடித்தது போதாது, வலப்பக்கமிருந்தும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

மதியத்துக்குள் இறங்கிவிட்டால் பக்கத்திலேயே ஓடாநிலையில் தீரன் சின்னமலை மணிமண்டபம் இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டே ஊர் திரும்பலாம்.